நாலாவது வரி

ஆர்டிஸ் ஹாகனின் ஆபீசுக்கு நாலு சக்கரம். மொண்டானாவின் வடக்கு ஓரத்தில், கனடா எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், கோதுமை வயலும் தானியக் கிடங்கும் தவிர வேறெதுவும் கண்ணில் படாத சாலைகளில் அவளுடைய பழைய நீலக் கார் பதினாலு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நோட்டரியைத் தேடி வர முடியாதவர்களிடம் இந்த நோட்டரி தேடிப் போவாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போயிருக்கிறாள், ஜெயிலுக்குப் போயிருக்கிறாள். அறுவடைச் சமயத்தில் ஒரு விவசாயி இறங்கி வர மாட்டேன் என்று சொன்னதற்காக, கதிரடிக்கும் வண்டியின் ஏணியில் ஏறி அவன் மடியில் வைத்தே முத்திரை குத்திவிட்டு வந்திருக்கிறாள்.

அதற்கு முன்னால் அவள் ஊர் பேங்கில் கவுண்டரில் இருந்தாள். நோட்டரி முத்திரை அங்கே கிடைத்ததுதான். பேங்கை மூடினார்கள், மேசை போயிற்று, நாற்காலி போயிற்று, முத்திரை மட்டும் அவள் கையோடு வந்தது. கணவன் லைல் எண்ணெய் லாரி ஓட்டியவன், ஏழு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டான். பிள்ளை இல்லை. அரிசோனாவில் ஒரு அக்கா இருந்தாள், வேர்னா. வருஷத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் கடிதம் வரும். மூன்று வருஷமாக அதுவும் வருவதில்லை, எழுதுகிறவளே போய்விட்டாள்.

குளிர்காலத்தில் ஆர்டிஸ் முத்திரையைப் பையில் வைக்க மாட்டாள். கோட்டின் உள்பையில், நெஞ்சோடு ஒட்டி வைத்திருப்பாள். இல்லாவிட்டால் மை உறைந்துபோய், குத்தினால் பாதி எழுத்துதான் விழும். இந்தத் தொழில் ரகசியத்தை அவள் யாருக்கும் சொன்னதில்லை. முக்கியமாக டெல்மர் கிப்ஸுக்குச் சொன்னதில்லை. அறுபது மைல் தள்ளி அவனும் இதே தொழில்தான். தன் பெயரையும் போன் நம்பரையும் பிக்கப் வண்டியின் கதவில் முழ நீளத்துக்கு எழுதி வைத்திருப்பவன். இரண்டு பேருக்கும் எலிக்கும் பூனைக்கும் உள்ள உறவு.

அந்த நாட்டில் நோட்டரி வக்கீல் இல்லை. எந்தப் பத்திரம் எழுதலாம், அதில் என்ன எழுதலாம், எழுதினால் லாபமா நஷ்டமா என்று அவள் மூச்சு விடக் கூடாது. ஆள் அவர்தானா, புரிந்துதான் போடுகிறாரா, மனசோடு போடுகிறாரா, தன் கண் முன்னால் போடுகிறாரா, அவ்வளவுதான் அவள் வேலை. ஒரு கிழவி வீட்டை மருமகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தபோது, அவன் எப்படிப்பட்ட நரி என்று தெரிந்தும் ஆர்டிஸ் நாக்கைக் கடித்துக்கொண்டு முத்திரையைப் போட்டாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வீடு. எல்லா வீட்டிலும் காபி வேண்டுமா என்று கேட்பார்கள், அவள் வேண்டாம் என்பாள், அந்தப் பக்கத்தில் அதுதான் மரியாதை. கால் மணி நேரத்தில் வேலை முடியும். அடுத்தவர்களின் விவாகரத்தும் கடனும் சாவும் அவளுக்கு அத்துப்படி. ஆனால் பதினாலு வருஷத்தில் ஒரு வீட்டிலும் அவள் கோட்டைக் கழற்றி மாட்டியதில்லை.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, மில்னர் ஊர் முதியோர் விடுதியிலிருந்து மாரிசெல் போன் செய்தாள். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற பெண். எமில் ஸ்டானெக் என்று ஒருவர், எண்பத்தெட்டு வயசு, இருதயம் பழுது, வசந்தம் வரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆர்டிஸ் போனபோது எமில் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு கட்டிலில் தயாராக உட்கார்ந்திருந்தார். முன்னால் பத்திரம். அதில் கையெழுத்து.

"போட்டு ரெடியா வச்சிருக்கேன்" என்றார். "முத்திரையக் குத்திட்டுக் கிளம்பும்மா. மேற்க கறுத்துட்டு வருது."

இந்தப் பக்கத்து ஆட்களின் வியாதி இது. அடுத்தவர் நேரத்தை ஒரு நிமிஷம் வீணாக்கினாலும் பாவம் என்று நினைப்பார்கள். நோட்டரி வந்து காத்திருக்கக் கூடாதே என்று முன்கூட்டியே கையெழுத்தைப் போட்டு வைத்து, மொத்தப் பத்திரத்தையும் பாழாக்குவார்கள்.

"என் கண்ணு முன்னாடி போடணுமே, மிஸ்டர் ஸ்டானெக்."

"எழுபது வருஷமா போடுற கையெழுத்து. நீ பாக்கலன்னா கோணிக்குமா?"

"கோணிக்காது. ஆனா செல்லாது."

மாரிசெல் சிரித்துக்கொண்டே புதுப் படிவம் ஒன்றை எடுத்து வந்தாள். செத்த பிறகு உடம்பை யார் பொறுப்பில் ஒப்படைப்பது என்கிற படிவம். எமில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாக நிரப்பினார். பெயர், பிறந்த தேதி, ஊர். நாலாவது வரியை அப்படியே தாண்டி ஐந்தாவதுக்குப் போனார். அந்த நாலாவது வரிதான் பொறுப்பு எடுத்துக்கொள்கிறவரின் பெயர்.

"நாலாவது காலியா இருக்கு" என்றாள் ஆர்டிஸ்.

"இருக்கட்டும்."

"காலி இருந்தா நான் முத்திரை போடக் கூடாது. பின்னால யாரு வேணா எதை வேணா எழுதிக்கலாம்."

"எழுதட்டுமே. யாராவது எழுதினா எனக்கு நல்லதுதானே?" என்றவர், அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு பேர எழுதுவேன் நான்? இந்தப் பொண்ணு பேர எழுதலாம்னா இங்க வேலை செய்யறவங்க பேர் கூடாதாம். சர்ச்சுக்காரங்ககிட்ட, கட்டடத்தச் சூடாக்குற கொதிகலன் விஷயமா சண்டை போட்டு நாப்பது வருஷமாச்சு. எங்க நிலத்த வாங்கினது ஏதோ கம்பெனி, அவங்களுக்கு மூஞ்சியே கிடையாது."

அவருக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. டிரை க்ரீக் கல்லறையில் அவருக்கு இடம் இருக்கிறது. கல்கூட நட்டாயிற்று. அதில் அண்ணன் ஓட்டோவின் பெயருக்கு இரண்டு தேதி, எமிலின் பெயருக்கு ஒரு தேதி. அங்கே கொண்டுபோய்ப் புதைக்க ஒரு ஆள் கையெழுத்துப் போட்டால் போதும். யாரும் இல்லாவிட்டால் கவுண்டி நிர்வாகத்தின் பொறுப்பு. எரித்து, டப்பாவில் போட்டு, அலமாரியில் வைத்துவிடுவார்கள்.

"ஐம்பது வருஷம் நானும் ஓட்டோவும் ஒரே வீட்டுல இருந்தோம்" என்றார் எமில். "ரெண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கல. அதுல கடைசிப் பதினோரு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது."

"ஒரே வீட்டுலயா?"

"ஒரே மேசைல. உப்பு வேணும்னா நாய்கிட்ட சொல்லுவான், 'அவன உப்பத் தள்ளச் சொல்லு'ன்னு."

"நாய் செத்தப்புறம்?"

"உப்பில்லாம சாப்பிட்டோம்."

ஆர்டிஸுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார், இருமினார். பிறகு ஓட்டோ போய் ஆறு வருஷம் ஆகிறது என்றும், அன்றைக்குக் காலையில் மேசைக்கு வந்து பார்த்தபோது அண்ணனின் தட்டு ராத்திரி கவிழ்த்து வைத்தபடியே இருந்தது என்றும் சொன்னார். சிரித்த வாயை ஆர்டிஸ் மூடிக்கொண்டாள்.

"ஒரு வாரம் யோசிங்க. அடுத்த வியாழன் வர்றேன்" என்று எழுந்தாள். அதற்கு மேல் சொல்ல அவளுக்கு உரிமை இல்லை.

திரும்பும் வழியில் நாற்பது மைலும் அந்த வரி அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. காரணம் இருந்தது. ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அதே படிவம் ஒன்று அவளுடைய காரின் டாஷ்போர்டு டப்பாவிலும் கிடந்தது. வேர்னா இறந்த மாதமே அக்காவின் பெயர் போட்ட பழையதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எடுத்து வைத்தது. தொழில் தெரிந்தவள் அல்லவா, செத்தவர் பெயர் இருந்தால் செல்லாது என்று அவளுக்குத் தெரியாதா? எல்லா வரியையும் நிரப்பினாள். நாலாவது மட்டும் மூன்று வருஷமாகக் காலி. பெட்ரோல் போடும் போதெல்லாம் நினைப்பாள், யார் இருக்கிறார்கள் என்று. டாங்க் நிரம்பிவிடும், பெயர் வராது.

அடுத்த வியாழக்கிழமை எமிலின் முகம் தெளிவாக இருந்தது. கன்னம் இன்னும் உள்ளே போயிருந்தது, உதட்டில் நீலம் ஏறியிருந்தது. ஆனால் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் விடை எழுதிய பையன் மாதிரி பத்திரத்தை நீட்டினார்.

"பாரு, ஒரு வரி காலி இல்ல. கையெழுத்தும் போடல. நீ சொன்னபடி."

ஆர்டிஸ் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். பதிவேட்டில் தேதி எழுதினாள். அவர் மெதுவாகக் கையெழுத்துப் போடுவதைக் கண் எடுக்காமல் பார்த்தாள். எல்லாம் முறைப்படி. உள்பையிலிருந்து முத்திரையை எடுத்தாள். அது சூடாக இருந்தது. அப்போதுதான் நாலாவது வரியைப் படித்தாள்.

ஓட்டோ ஸ்டானெக்.

வரி காலி இல்லை. சட்டம் கேட்டது அவ்வளவுதான். எழுதிய பெயருக்கு உரியவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்ப்பது நோட்டரி வேலை இல்லை. முத்திரையைக் குத்திவிட்டுக் கிளம்பினால் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்க முடியாது. நரி மருமகனுக்குக் குத்தவில்லையா? அவள் முத்திரையைக் காகிதத்துக்கு அருகில் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது.

"எமில்" என்றாள். முதல் தடவையாக அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். "ஓட்டோ செத்துட்டாரு."

"தெரியும். நான்தான புதைச்சேன்."

"பின்ன?"

"வேற பேரு எனக்குத் தெரியாது" என்றார் எமில்.

ஆர்டிஸ் முத்திரையைத் திரும்ப உள்பையில் போட்டாள். பதினாலு வருஷம் பூட்டி வைத்த வாய் அன்றைக்குத் திறந்தது.

"இந்தப் பேப்பர் ஒண்ணுத்துக்கும் உதவாது. நீங்க போன மறுநாள் இதக் குப்பைல போட்டுட்டு உங்கள எரிச்சிருவாங்க. இத நான் சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்."

அவர் அவளையே பார்த்தார். "அப்ப உன் பேர எழுதட்டுமா?"

"என் பேரு அதுல இருந்தா நான் முத்திரை போட முடியாது."

அவள் சட்டத்தைத்தான் சொன்னாள். அவர் காதில் அது மறுப்பாக விழுந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சரி, கிளம்பு. பனி வர்றதுக்குள்ள போய்ச் சேரு" என்றார். கோபம்கூட இல்லை. பழகிப்போன குரல் அது.

ஆர்டிஸ் வெளியே வந்து காரில் உட்கார்ந்தாள். சாவியைத் திருகவில்லை. முத்திரைக்காரியாக இருக்கலாம், அல்லது பத்திரத்தில் பெயர் இருக்கிற ஆளாக இருக்கலாம், இரண்டுமாக இருக்க முடியாது. அவள் இவ்வளவு நாளும் முத்திரைக்காரியாகவே இருந்துவிட்டாள். போனை எடுத்து, ஜென்மத்தில் கூப்பிட மாட்டேன் என்று நினைத்திருந்த நம்பரை அழுத்தினாள்.

"ஆர்டிஸ் ஹாகனா?" என்றான் டெல்மர் கிப்ஸ். "நீ என்னைக் கூப்பிடுறியா? யாரு செத்தா?"

"இன்னும் யாரும் சாகல. அதான் அவசரம். மில்னர் விடுதிக்கு வா. ஒரு கையெழுத்து."

"மில்னர் உன் ஏரியாவாச்சே. உன் முத்திரைக்கு என்ன கேடு?"

"நான் இந்தப் பேப்பர்ல இருக்கேன் டெல்மர். உள்ள இருக்கேன்."

அவன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆகும் என்றான்.

அவள் திரும்ப உள்ளே போனாள். எமில் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருக்க, கோட்டைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் மாட்டினாள். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"வேற நோட்டரி வர்றான். புதுப் படிவம் ஒண்ணுல, நாலாவது வரில என் பேர எழுதிக்கோங்க. ஹாகன்."

எமில் புதுப் படிவத்தை வாங்கிப் பொறுமையாக எழுதினார். மாரிசெல் கொண்டுவந்த காபியை ஆர்டிஸ் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் சீட்டு ஆடினார்கள். மூன்றாவது ஆட்டத்தில் அவர் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"எதுக்கு அவன் பக்கத்துல படுக்கணும்னு கேக்க மாட்டியா?"

"கேக்கக் கூடாது."

"இப்ப நீ நோட்டரி இல்லயே."

"சரி. எதுக்கு?"

"ஒரு பனிக்காலம், மாட்டுப் பட்டி கேட்டு திறந்து கிடந்துச்சு. முப்பத்தொரு மாடு வெளிய போயி புயல்ல செத்துது. நீ திறந்து வச்சியா, நான் திறந்து வச்சேனான்னு சண்டை. அந்தச் சண்டைதான் பதினோரு வருஷம்." அவர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "நான்தான் திறந்து வச்சேன். அன்னைக்கே தெரியும் எனக்கு. பக்கத்துல படுத்தா சொல்ல நேரம் கிடைக்கும்ல? ஒருவேளை எனக்கு வாய் வரலன்னா நீயாவது சொல்லிடு."

டெல்மர் பனியை உதறிக்கொண்டு வந்தான். ஆர்டிஸைக் கோட்டு இல்லாமல் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினான். எமில் அவன் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார். பொறுப்பை ஏற்கிறவளும் போட வேண்டும். டெல்மர் கையை நீட்டினான்.

"அடையாள அட்டை."

"பதினாலு வருஷமா என்னைத் தெரியும் உனக்கு!"

"கோட்டோட தெரியும்" என்றான் டெல்மர். "எடு, எடு."

அவள் எடுத்துக் கொடுத்தாள். நூற்றுக்கணக்கான பேர் அவள் முன்னால் பேனாவை எடுத்த பிறகும் பத்திரத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்திருக்கிறார்கள். ஏன் படிக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவளும் படித்துவிட்டுப் போட்டாள். டெல்மர் முத்திரையைக் குத்தினான், பாதி எழுத்துதான் விழுந்தது. மறுபடி ஒரு வெறும் தாளில் குத்திப் பார்த்தான், அதுவும் இல்லை. எமில் பதறிப்போனார். ஆர்டிஸ் அதை அவன் கையிலிருந்து பிடுங்கித் தன் கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் வைத்து இடுக்கிக்கொண்டாள்.

"பத்து நிமிஷம் பொறு. குளிர்காலத்துல நெஞ்சோட வச்சுக்கணும். இதச் சொல்லிடக் கூடாதுன்னு இத்தன வருஷமா இருந்தேன்."

"அடிப்பாவி" என்றான் டெல்மர்.

சூடேறிய முத்திரை கறுப்பாக, முழுசாக விழுந்தது. எமில் அதை விரலால் தொடப் போய், மை அழிந்துவிடுமோ என்று கையை இழுத்துக்கொண்டார். டெல்மர் பதிவேட்டை மூடும்போது, "இவ்வளவு தூரம் வந்துட்டேன். வேற ஏதாவது இருக்கா?" என்று பேச்சுக்குத்தான் கேட்டான்.

ஆர்டிஸ் காருக்குப் போய் டாஷ்போர்டு டப்பாவிலிருந்து தன் படிவத்தை எடுத்து வந்தாள். எமில் அதை வாங்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். விரல் நாலாவது வரியில் நின்றது.

"காலியா இருக்கு" என்றார்.

"தெரியும்."

"காலி இருந்தா முத்திரை போடக் கூடாது. நீதான சொன்ன?"

"யாரு பேர எழுத?"

"என் பேர எழுது."

"எமில், நீங்க..."

"எனக்கே தெரியும் நான் எத்தன நாளுன்னு. அத்தன நாளைக்கு நான் பாத்துக்கறேன். எழுது."

டெல்மர் வாயைத் திறக்கப் போனான். நோட்டரி யோசனை சொல்லக் கூடாது என்பது நினைவுக்கு வந்து மூடிக்கொண்டான். அவள் எழுதினாள். எமில் கையெழுத்துப் போட்டார், அவள் போட்டாள், டெல்மர் குத்தினான்.

எமில் ஸ்டானெக் அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். ஆர்டிஸ் ஐந்து தடவை போய் வந்தாள். ஐந்து தடவையும் கோட்டு கொக்கியில் தொங்கியது. சீட்டில் அவர் கள்ளத்தனம் செய்வார் என்று கண்டுபிடித்தாள், சொல்லவில்லை. பிறகு ஒரு காலையில் மாரிசெல் அழுதுகொண்டே போன் செய்தாள்.

மார்ச்சிலும் மண் கல்லாக இறுகியிருந்தது. இயந்திரம் வைத்துத்தான் தோண்டினார்கள். டிரை க்ரீக் கல்லறையில் பெட்டியை இறக்க வந்த இரண்டு ஆட்கள், கல்லில் இரண்டாவது தேதி செதுக்க வேண்டும் என்று குறித்துக்கொண்டு வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வந்திருந்தவள் ஆர்டிஸ் மட்டும்தான். கல்லுக்கு முன்னால் போய் நின்று, யாராவது கேட்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஓட்டோ, பட்டிக் கேட்டத் திறந்து வச்சது எமில்தான்" என்று சத்தமாகச் சொன்னாள். காற்று பலமாக அடித்தது. அவளுக்கு அழுகை வந்தது. அழுதாள். லைலுக்குப் பிறகு அவள் அழுதது அன்றைக்குத்தான்.

ஏப்ரலில் டெல்மர் போன் செய்தான்.

"மில்னர் ஆளு போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா."

"அப்ப உன் பேப்பர மாத்தணும்ல? அந்தப் பக்கம் நாளைக்கு வர்றேன். காசு வேணாம். பேரச் சொல்லு, நான் படிவம் எடுத்துட்டு வந்துடறேன்."

ஆர்டிஸ் ஒரு பண்ணை வீட்டு வாசலில் காரை நிறுத்தியிருந்தாள். ஜன்னல் வழியாக அந்த வீட்டுக்காரர்கள் மேசையில் பத்திரத்தை விரித்து, அவள் வருவதற்குள் மும்முரமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. டாஷ்போர்டு டப்பா முழங்காலுக்கு எதிரே மூடியிருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும் டெல்மர்."

"செல்லாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா? செத்தவர் பேர வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

"வேற பேரு எனக்குத் தெரியாது" என்றாள் ஆர்டிஸ்.

டெல்மர், வடக்கே இன்னும் ஒரு பனிப்பொழிவு பாக்கி இருக்கிறதாம், பார்த்து ஓட்டு என்றான்.